குறிச்சியும் மலையும்

  

குறிஞ்சி நிலத்து ஊர்களுக்குச் சிறுகுடி, குறிச்சி எனப் பெயர் வகுத்தனர் அகப்பொருள் இலக்கண நூலார். கள்ளக்குறிச்சியோ வயல் சூழ்ந்த மருதத்து நகர். பெயரின் முன்பாதி ஆராய்ச்சி இங்கு வேண்டா, பின்பாதியே போதும். மேற்கே நிற்கும் கல்வராயன் மலையை நகர் மறந்தாலும் பெயர் மறக்கவில்லை.

அம்மலையில் பிறக்கும் கோமுகி, கச்சிராயப்பாளையத்தருகே அணையில் தேங்கிப் பின் சமவெளியில் பாய்கிறது. சரிவில் மரம் இருந்தால் மழை மண்ணுள் இறங்கி ஊற்றாய்க் கசியும். மரம் போனால் மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கும். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல்மழை கள்ளக்குறிச்சி மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. அத்தகைய பெருமழையை எந்தக் காடும் முற்றத் தடுத்துவிடாது. ஆயினும், ஏரியும் வாய்க்காலும் தூர்ந்த ஊரில் வடிய வேண்டிய நீர் நாள்கணக்கில் தங்கும். அது குடிநீரில் கலந்தால் வயிற்றுப்போக்கு. வடிந்தபின் கொட்டாங்கச்சியிலும் பழைய டயரிலும் எஞ்சும் தெளிந்த நீரில் டெங்குக் கொசு.

வெப்பமோ வெள்ளத்தைப் போல் ஓசையிட்டு வருவதில்லை. பகலெல்லாம் வெயிலை விழுங்கிய காங்கிரீட்டுக் கூரை இரவில் அதனை உமிழ்கிறது. உடல் ஆற வேண்டிய பொழுது இரவு. அது வாய்க்காதபோது முதியோரும், கருவுற்ற பெண்டிரும், பகல் முழுதும் கரும்பு வெட்டியோரும் முதலில் தளர்வர். 2010ஆம் ஆண்டு வெப்ப அலையில் பல உயிர்களை இழந்த அகமதாபாத் நகரம், 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. முன்னெச்சரிக்கை, குடிநீர் வழங்கல், மருத்துவமனைகளின் ஆயத்தம் ஆகியன அதன் கூறுகள். தண்ணீர்ப் பந்தல் தமிழர்க்குப் புதிதன்று; எந்த நாளில் எவ்விடத்தில் வேண்டும் என முன்கூட்டி அறியும் ஏற்பாடே புதிது.

கள்ளக்குறிச்சி 2019இல் மாவட்டத் தலைநகராயிற்று. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கன. ஆனால் வளரும் நகரின் மனைப்பிரிவுகள் ஏரிக்கு நீர் வரும் வழியில் எழுமானால், நோயாளிகளை நகரே உண்டாக்கிப் படுக்கைகளையும் நகரே தேடவேண்டியதாகும்.

மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் நிலை வேறு. நீர் இறங்கும் மலையிலிருந்தே பேறுகாலப் பெண்ணும் பெரிய மருத்துவமனை நாடி இறங்குகிறாள். மழையில் பாதை சரிந்தால் அவளுக்கு வழியில்லை. நீரைப் பெறும் நகரம், காட்டைக் காக்கும் பொறுப்பை மட்டும் அம்மக்கள்மேல் சுமத்திவிட்டு அவர்தம் பாதையை மறப்பது நியாயமன்று.

கவிஞர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு: தத்தம் ஊர் ஏரியின் பெயரையும், அதன் வரத்துக் கால்வாய் வரும் வழியையும் முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல். அவ்விடத்துக்கு ஏதேனும் ஒரு 'நகர்' எனப் புதுப்பெயர் சூட்டப்பட்டபின் அதனைச் சொல்வார் கிடைப்பது அரிது.