குரலுக்கு உரியவர்

ஆக்லாந்து லோர்ன் தெருவிலுள்ள மத்திய நூலகம், பழைய கையெழுத்துப் பிரதிகளோடு மனிதர்களின் குரல்களையும் காத்துவருகிறது. இப்படி மனிதர்களின் நினைவுகளைப் பேட்டியாகப் பதிவுசெய்யும் வாய்மொழி வரலாற்றுக்கென்றே நியூசிலாந்தில் 1986-இல் தேசியச் சங்கம் பிறந்தது. அந்தத் துறையின் நெறிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, பேசுகிறவருக்குத் தரும் மதிப்பு. பேட்டியை யார் கேட்கலாம், எப்போது திறக்கலாம், இணையத்தில் போடலாமா என்பதையெல்லாம் ஒப்புதல் படிவத்தில் அவரே எழுதிக் கொடுக்கலாம். தன் காலத்துக்குப் பிறகு கேட்டால் போதும் என்றும் சொல்லலாம். அந்த உறுதி இருந்தால்தானே மனம் திறக்கும்!

பதிவின் எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று பேட்டி எடுப்பவர்கள் குறிப்பும் எழுதிவைப்பார்கள். அது இல்லாமல் மூன்று மணி நேரப் பதிவில் ஓர் ஊர்ப் பெயரைத் தேடுவது பெரும்பாடு.

யாழ்ப்பாணத்திலிருந்தும் பிஜியிலிருந்தும் வந்த நம் பெரியவர்களின் நினைவுகள் வீட்டுக் கைபேசிகளிலேயே கிடக்கலாமா? அவர்கள் சம்மதத்தோடு நூலகத்தின் வரலாற்றுப் பிரிவில் பேசிப் பாருங்கள்.