அளவு சரி, பீஸ் ரிஜெக்ட்: விபத்துக்குப் பின் மீளுதல், தலைமை, ஏ.ஐ.

இந்த வாரம் பேட்டி இல்லை, ஒரு பேச்சு. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவிகளுக்காக நடந்த கூட்டத்தில் பதிவு செய்தது. பேசியவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. ஆபரேட்டராக இருந்தவர். ஒரு விபத்துக்குப் பிறகு மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் தொடர்ந்து பேசிவருகிறார். படிக்க வசதியாகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

*

எல்லாருக்கும் வணக்கம். மேடம் எனக்குக் கொடுத்த தலைப்பு ரொம்பப் பெருசு. அதிர்ச்சியிலிருந்து மீளுதல், தலைமை, மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் வேணும். எனக்குக் கொடுத்திருக்கிறது அரை மணி நேரம். அதனால் நான் டாக்டர் மாதிரி பேசப் போறதில்ல. பேஷண்டா படுத்திருந்தவன் மாதிரி பேசறேன்.

2022 மார்ச். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில் வண்டியில் வர்றேன். அம்பத்தூர் எஸ்டேட் தாண்டி பைபாஸ் சர்வீஸ் ரோடு. பின்னாடி இருந்து லாரி ஹாரன் கேட்டது ஞாபகம் இருக்கு. அடுத்தது ரோட்டில் கிடக்கிறேன், வலது தொடை மடங்கியிருக்கு. டீக்கடைக்காரர் ஒருத்தர்தான் 108-க்கு போன் பண்ணினார். வண்டி வர்ற வரைக்கும் என் தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அப்படி உதவி செய்யறவங்க மேல கேஸ் வராதுன்னு 2019-லேயே மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்திருக்காங்க. அவருக்கு அது தெரியாது. தெரியாமலேயே செஞ்சார்.

அதுக்கு மூணு மாசம் முன்னாடி, 2021 டிசம்பர் 18-ம் தேதி, மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கியிருந்தாங்க. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள சாலை விபத்துன்னா, அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம்னு பார்க்காம முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தொடங்கினப்போ 81 வகை சிகிச்சைகள், ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும். என் ஆபரேஷன் அதில்தான் நடந்தது. மீதியை இ.எஸ்.ஐ. பார்த்துக்கிச்சு. வேலைக்குப் போற வழியில, வர்ற வழியில அடிபட்டாலும் இ.எஸ்.ஐ. உண்டு. 2010 திருத்தத்தில் வந்தது. உங்க வீட்டில் யாராவது எஸ்டேட்டில் வேலை பார்த்தா இதைச் சொல்லி வையுங்க.

அதனால் 48 மணி நேரத்தைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல. நான் சொல்ல வந்தது 49-வது மணி நேரத்துக்கு அப்புறம் நடந்தது.

வீட்டுக்கு வந்தேன். கள்ளிக்குப்பத்தில் முதல் மாடி. போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாங்க. எந்த மருத்துவமனைன்னு சொல்லப் போறதில்ல, அது முக்கியமும் இல்ல. ‘ஏ.ஐ. மூலம் உங்கள் மீட்பைக் கண்காணிக்கிறோம்’னு அதில் போட்டிருக்கும். தினமும் காலையில் ஒரு மெசேஜ். மாத்திரை போட்டீங்களா, டிரெஸ்ஸிங் மாத்தினீங்களா, எத்தனை அடி நடந்தீங்க. பட்டனை அமுக்கினா ஒரு சதவீதம் காட்டும். ஆறாவது வாரம் 90 சதவீதம் வந்துச்சு. பச்சைக் கலர். ‘வாழ்த்துகள், நீங்கள் நன்றாகக் குணமடைந்து வருகிறீர்கள்.’

அந்த வாரம் நான் ஒரு ராத்திரி கூட இரண்டு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கல. தெருவில் லாரி ஹாரன் கேட்டா உடம்பு முழுக்க வேர்க்கும். பையன் பைக் சாவியை எடுத்தா அவனைத் திட்டுவேன், ஏன் திட்டறேன்னு எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரம்மா கேட்டா, “ஒண்ணும் இல்ல, ஆப்ல பச்சை காட்டுது பாரு”ன்னு அவங்க கிட்ட போனை நீட்டினேன். யோசிச்சுப் பாருங்க. எனக்கு உடம்பு சரியில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா பச்சைக் கலரைக் காட்டி என் பொண்டாட்டி வாயை அடைச்சேன்.

நான் 14 வருஷம் மெஷினில் நின்னவன். எங்க வேலையில் ஒண்ணு சொல்லுவோம். அளவு சரியா இருக்கும், பீஸ் ரிஜெக்ட் ஆகும். எப்படி? வெர்னியரை வெச்சு நீளத்தை அளக்கிறோம், அளவு சுத்தமா வருது. ஆனா டிராயிங்கில் முக்கியம் நீளம் இல்ல, உள்துளை. அதை யாரும் அளக்கல. வெர்னியர் பொய் சொல்லல. நாமதான் தப்பான இடத்தில் வெச்சோம். அந்த ஆப்பும் பொய் சொல்லல. அது எண்ணினது காலை, மாத்திரையை, அடிகளை. தூக்கத்தை எண்ணல.

இது என் ஒருத்தன் கதைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் படிச்சேன். அமெரிக்காவில் பெரிய மருத்துவமனைகள் ஒரு கணினி முறையைப் பயன்படுத்தினாங்க. எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு வேணும்னு அது சொல்லணும். 2019 அக்டோபரில் சயன்ஸ் இதழில் சியாத் ஓபர்மயரும் கூட இருந்தவங்களும் அதைப் பிரிச்சுப் பார்த்து எழுதினாங்க. அந்த முறை நோயை அளக்கல, மருத்துவச் செலவை அளந்தது. நிறைய செலவானா நிறைய நோய்னு அது எடுத்துக்கிச்சு. கறுப்பின மக்களுக்கு அதே நோய் இருந்தாலும் அவங்களுக்கு ஆகிற செலவு குறைவு, ஏன்னா அவங்களுக்கு சிகிச்சை கிடைக்கிறதே குறைவு. அதனால் மெஷின் அவங்களை ‘பரவாயில்ல’ன்னு தள்ளிடுச்சு. அதைச் சரி பண்ணினா கூடுதல் கவனிப்பு கிடைக்கிறவங்களில் கறுப்பின மக்களோட பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆகும்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க.

இதை எஸ்டேட்டுக்குக் கொண்டு வாங்க. கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிற பையன் ஒடிசாவிலிருந்து வந்திருக்கான். விரல் நசுங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான், போனா ஒரு நாள் கூலி போகும். அவன் பேரில் ஒரு பில்லும் இருக்காது, ஒரு சீட்டும் இருக்காது. பில்லை வெச்சு அளக்கிற மெஷினைக் கேட்டா, அம்பத்தூரிலேயே ஆரோக்கியமான ஆள் அவன்தான்னு சொல்லும்.

அப்போ ஏ.ஐ. வேண்டாமா? அப்படிச் சொல்ல வரல. நல்ல உதாரணம் இங்கிருந்து பக்கத்திலேயே இருக்கு. அயப்பாக்கம் ஹவுசிங் போர்டு பக்கம் ஐ.சி.எம்.ஆரோட தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்குல்ல, அது. நிறைய பேர் பஸ்ஸில் தாண்டிப் போயிருப்பீங்க. விபத்திலிருந்து டி.பி.க்குப் போறேன்னு நினைக்காதீங்க. அளக்கிற விஷயத்துக்காகத்தான் போறேன்.

டி.பி.ன்னு தெரிஞ்ச பிறகும், மருந்து ஆரம்பிச்ச பிறகும், சிலர் சீக்கிரமே இறந்துடறாங்க. அதைக் குறைக்க 2022-ல் தமிழ்நாடு அரசு இந்த நிறுவனத்தோட சேர்ந்து ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ கொண்டு வந்தது. நோய் உறுதியான உடனே அஞ்சு விஷயம் பார்க்கணும். உயரத்துக்கு ஏத்த எடை இருக்கா. காலில் வீக்கம் இருக்கா. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. ஆக்சிஜன் அளவு எவ்வளவு. பிடிமானம் இல்லாம எழுந்து நிக்க முடியுதா. இதில் மோசமா இருந்தா அட்மிட் பண்ணணும். இந்த அஞ்சையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துடலாம். எடை மெஷினும், விரலில் மாட்டற கருவியும், கையில் வாட்ச்சும், பார்க்கத் தெரிஞ்ச ஒரு நர்ஸும் போதும்.

2022 ஜூலையிலிருந்து 2023 ஜூன் வரைக்கும் அரசு மருத்துவமனைகளில் கண்டறிஞ்ச கிட்டத்தட்ட 56,000 பேரோட விவரங்களை வெச்சு, இறந்துபோற வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்ற ஒரு கணிப்பு முறையை உருவாக்கினாங்க. ‘டி.பி. சேவா’ன்னு ஏற்கெனவே ஊழியர்கள் பயன்படுத்தற செயலியில் 2025-ல் அதைச் சேர்த்தாங்க. இந்த அஞ்சை உள்ளே போட்டா, நோய் தீவிரமா இருக்கிறவங்களுக்கு 10-லிருந்து 50 சதவீதம் வரைக்கும் காட்டும். மத்தவங்களுக்கு 1-லிருந்து 4. இதை ஏ.ஐ.ன்னு சொல்றவங்க இருக்காங்க. உள்ளே இருக்கிறது புள்ளியியல்தான். பேர் எதுவா இருந்தா என்ன, வெர்னியரைச் சரியான இடத்தில் வெச்சிருக்காங்க. மனுஷன் எழுந்து நிக்க முடியுதான்னு கேட்கிறாங்க.

இப்போ தலைமைக்கு வரேன். தமிழ்நாட்டில் நோய் தெரிஞ்சதிலிருந்து அட்மிட் ஆகிறதுக்கு சராசரியா ஒரு நாள் ஆகுது. ஆனா கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்கு ஆறு நாள் வரைக்கும் இழுத்திருக்கு. அந்த ஆறு நாள் மெஷினோட தாமதம் இல்ல. மெஷின் நொடியில் நம்பரைக் கொடுத்துடும். அதுக்கப்புறம் யாராவது போன் எடுத்து, “பெட் இருக்கா?”ன்னு கேட்கணும். அவர் வீட்டம்மா கிட்ட, “குழந்தையை யார்கிட்ட விடுவீங்க?”ன்னு கேட்கணும். வண்டி ஏற்பாடு பண்ணணும். மறுநாள் போய்ச் சேர்ந்தாரான்னு பார்க்கணும். இந்த வேலை யாருதுன்னு எழுதி வைக்காத இடத்தில், ‘50 சதவீதம்’ங்கிறது ஸ்கிரீனில் ஒரு எண்ணா மட்டும் நிக்கும்.

தலைமைன்னா மேடையில் மைக் பிடிக்கிறதுன்னு நாம நினைக்கிறோம். நானே மைக் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன். ஆனா நான் பார்த்த தலைமை வேற. சிவப்பு எரிஞ்சதும் யார் எழுந்து போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வைக்கிறதுதான் தலைமை. அது டீனும் செய்யலாம், வார்டு இன்சார்ஜ் சிஸ்டரும் செய்யலாம்.

என் கதையை முடிச்சுடறேன். எட்டாவது வாரம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலமா ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தாங்க. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின திட்டம், சர்க்கரை, பிரஷர் மாத்திரையோட பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். உங்களை விட நாலஞ்சு வயசுதான் பெரியவங்க இருப்பாங்க. முட்டியை மடக்கிப் பார்த்தாங்க, நல்லா இருக்குன்னாங்க. எழுதி முடிச்சுட்டு, பையை மாட்டிக்கிட்டு, வாசல்படியில் நின்னு கேட்டாங்க: “ராத்திரி தூங்கறீங்களாண்ணா?”

நான் அழுதுட்டேன். அவங்க பையைக் கீழே வெச்சுட்டு உட்கார்ந்தாங்க. அதிகமா ஒண்ணும் பேசல. “இது நிறைய பேருக்கு வரும்ணா. ஒரு மாசத்துக்கு மேல நீடிச்சா மனநல டாக்டரைப் பார்க்கணும், அதுக்கு சிகிச்சை இருக்கு. அக்கா, நீங்க கூட்டிட்டுப் போங்க”ன்னு என் வீட்டுக்காரம்மா கிட்ட சொன்னாங்க. அடுத்த வாரம் வந்தப்போ முதல் கேள்வியே, “போனீங்களா?” போயிருந்தேன். அதுக்கு பி.டி.எஸ்.டி.ன்னு பேர்னு டாக்டர் சொன்னார். பேர் தெரிஞ்சதே பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது. திரும்ப வண்டி ஓட்ட ஏழு மாசம் ஆச்சு. இப்பவும் அந்த சர்வீஸ் ரோடில் போகமாட்டேன், சுத்தித்தான் போவேன். நான் இன்னும் 100 சதவீதம் ஆகல. ஆனா தூங்கறேன்.

அதனால் உங்களுக்கு இரண்டு கேள்வி மட்டும் கொடுத்துட்டுப் போறேன். நாளைக்கு உங்க வார்டில் எந்த மெஷின் வந்தாலும் கேளுங்க. ஒண்ணு, இது எதை எண்ணுது? இரண்டு, இது சிவப்பு காட்டினா யார் எழுந்து போவாங்க? இரண்டாவது கேள்விக்கு ஒரு ஆளோட பேர் பதிலா வரணும். ‘சிஸ்டம் பார்த்துக்கும்’னு சொன்னாங்கன்னா, பதில் வரலன்னு அர்த்தம்.

*

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி கேட்டார்: “சார், ஷிஃப்டில் ஒரு சிஸ்டருக்கு நாற்பது பேஷண்ட். எல்லார்கிட்டயும் தூங்கினீங்களான்னு உட்கார்ந்து கேட்க முடியுமா?”

முடியாதும்மா. உண்மையைச் சொல்லணும்ல. அதுக்காகத்தான் எனக்கு மெஷின் வேணும். நீங்க ரெஜிஸ்டரில் எழுதற நேரத்தை அது குறைச்சுக் கொடுத்தா, நாற்பது பேரில் இன்னைக்கு யாரை முதலில் பார்க்கணும்னு சரியாச் சொன்னா, அது நல்ல மெஷின். ஆனா மிச்சமாகிற இருபது நிமிஷத்தை மேல இருக்கிறவங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. இன்னும் பத்து பேஷண்ட்டை உங்க தலையில் போட்டா, அந்த மெஷின் யாரையும் குணப்படுத்தல. அந்த நிமிஷத்தை உங்க கையிலேயே விட்டாத்தான் நீங்க ஒருத்தர்கிட்டயாவது வாசல்படியில் நின்னு கேட்க முடியும். இதை இப்பவே கேட்டுப் பழகுங்க. நாளைக்கு இன்சார்ஜ் ஆனதும் நீங்க அதைச் செய்யணும்.

*

இந்தப் பேச்சைக் கேட்டவர்களில் யாருக்காவது விபத்துக்குப் பிறகு தூக்கம் வராமல் இருந்தால், சத்தம் கேட்டாலே பதறினால், 14416 என்ற எண்ணில் பேசலாம். டெலி மானஸ் சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.