இடம்பெயர்ந்த சுவர்

சீலையில் தீட்டிய சித்திரத்தைச் சுருட்டிக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடலாம்; சுவரில் எழுதிய சித்திரத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது, கட்டடத்துக்கு வந்த ஆபத்து அதற்கும் வந்ததுதான். கட்டடம் க்ஷேமமாக இருக்கையிலேயே சொந்தக்காரரின் கோபத்தால் சித்திரம் மட்டும் மாண்டுபோவதும் உண்டு. மெக்ஸிகோ தேசத்து மகா சித்திரக்காரரான டியேகோ ரிவேராவின் படைப்புகளில் ஒன்று, நியூயார்க்கின் ராக்கபெல்லர் கட்டடத்தில், லெனினுடைய முகத்தை அதில் எழுதிய குற்றத்துக்காக 1934-இல் உடைத்து உதிர்க்கப்பட்டது. அவர் தம் தலைநகரின் கலை மாளிகையில் அதை மீண்டும் எழுதினார் என்றாலும், அது மறுபடைப்பே, போனது போனதுதான். அவருடைய மற்றொரு சித்திரத்துக்கு வாய்த்த பாக்கியத்தைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

மெக்ஸிகோ நகரத்தில் அலமேடா என்னும் புராதனமான பூங்காவுக்கு எதிரே எழும்பிய பிராடோ ஹோட்டலின் போஜனசாலைக்காக, 1947-இல், அந்தப் பூங்காவையே பொருளாகக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலின் கனவாக அவர் எழுதியது அது: நீளம் 15 மீட்டருக்கு மேல், உயரம் 4 மீட்டருக்கு மேல். மெக்ஸிகோவை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் கையில் இரத்தக் கறையோடு நிற்பது முதலாக நானூறு ஆண்டுச் சரித்திரம் அதில் மரநிழலில் உலாவுகிறது. நடுவிலே, இறகுத் தொப்பி அணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டி ஒருத்தி, கொழுகொழுவென்ற ஒரு சிறுவனின் கையைப் பிடித்திருக்கிறாள். அவன் சட்டைப் பைகளில் ஒன்றிலிருந்து தவளையும் மற்றொன்றிலிருந்து பாம்பும் எட்டிப்பார்க்கின்றன. அந்தச் சிறுவன் ரிவேராதான்; அவனுக்குப் பின்னே தாய்போல் நிற்பவள் அவர் மனைவி பிரீடா காலோ.

1985 செப்டம்பர் 19-ஆம் தேதி அந்நகரை உலுக்கிய பூகம்பத்தில், ஹோட்டல் இனி இடித்தே தீரவேண்டும் என்ற நிலையை அடைந்தது. சித்திரமோ பெரும் சேதமின்றித் தப்பியது. ஆயினும் இடிக்கப்போகும் கட்டடத்திலிருந்து அதை எவ்வாறு எடுப்பது?

ஈரமான சுண்ணாம்புப் பூச்சின்மேல் நீரிற் குழைத்த வர்ணத்தைத் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு கல்லாக இறுகுகையில் வர்ணத்தையும் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. ஆகவே இவ்வகைச் சித்திரத்தில் வர்ணம் வேறு, சுவர் வேறு என்று பிரிப்பது எளிதன்று. இருந்தும் இத்தாலிய நிபுணர்கள் அதற்கொரு வழி கண்டார்கள். தச்சர்கள் வஜ்ஜிரம் என்று வழங்கும் பசையைப் போன்ற ஒன்றைத் துணியில் தோய்த்துச் சித்திரத்தின்மேல் ஒட்டி உலரவிட்டால், அது சுருங்கும் வேகத்தில் வர்ணப்படலம் துணியோடு உரிந்து வந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் சித்திரங்களை மறைத்திருந்த நாயக்கர் காலத்துப் படலத்தை நம் தொல்லியல் துறையினர் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றியதும் இவ்வழியை ஒட்டியதே. அங்கே அது அவசியமாயிற்று. அடியில் இன்னொரு சித்திரம் காத்திருந்தது. ஆனால் உரித்தெடுத்த படலம், சுண்ணாம்பின் திண்மையையும் அதன் மேடுபள்ளங்களையும் இழந்து, சற்றே தட்டையாகிவிடுகிறது என்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் அறிவார்கள்.

மெக்ஸிகோவில் நிபுணர்கள் சித்திரத்தை உரிக்கவில்லை. சுவரையே எடுத்தார்கள். எஃகுச் சட்டங்களால் அணைத்துக் கட்டி, 30 டன்னுக்கும் அதிகமான அந்தப் பாரத்தை 1986 டிசம்பரில் வண்டியிலேற்றி, வீதிக்கு அப்பால், பூங்காவின் மேற்குப் பக்கத்துக்குக் கொண்டுசென்றார்கள். மூர்த்தியைப் பிரதிஷ்டை செய்துவிட்டுப் பிறகு கோயிலெடுத்ததைப் போல, அதற்கென்றே எழுப்பப்பட்ட மியூசியம் 1988-இல் திறக்கப்பட்டது. செலவையும் சிரமத்தையும் பார்த்தால் உரித்தெடுப்பதே சுலபம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது சம்மதமில்லை. சுவரையே எடுத்ததைவிட நான் மெச்சுவது, சுவரைத் தூர தேசத்துக்கோ பெரிய கலைக்கூடத்தின் கோடியிலோ அனுப்பிவிடாமல், எந்தப் பூங்காவைப் பற்றி எழுதப்பட்டதோ அந்தப் பூங்காவின் ஓரத்திலேயே நிறுத்திய விவேகத்தைத்தான். அதே பூங்காவின் கிழக்குக் கோடியில் இருப்பது, நியூயார்க்கில் உடைபட்டதை ரிவேரா மறுபடி எழுதிய அந்தக் கலை மாளிகை. ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஹோட்டலில் விருந்துண்ண வந்தவர்களுக்காக எழுதப்பட்ட சித்திரம் பூகம்பத்தின் பின்னரே ஊராருக்கு உரித்தானது என்பது விந்தைதான்.

செப்பனிடும் கலையில் இன்னொரு சங்கடம் உண்டு: எந்தக் காலத்து நிலைக்குச் செப்பனிடுவது? இச்சித்திரத்தில் இக்நாசியோ ராமிரெஸ் என்ற அறிஞர் ஏந்திய காகிதத்தில், கடவுள் இல்லை என்னும் அவரது கூற்றை ரிவேரா முதலில் எழுதியிருந்தார். கலகம் மூண்டது, மாணவர் சிலர் அதைச் சுரண்டினார்கள், சித்திரம் பல ஆண்டுகள் மறைத்தே வைக்கப்பட்டது. கடைசியில் 1956-இல் ரிவேராவே தம் கையால் அவ்வாசகத்தை நீக்கி, ராமிரெஸ் அதைச் சொன்ன 1836-ஆம் ஆண்டுச் சொற்பொழிவை மட்டும் குறிப்பிட்டு எழுதினார். முதலில் இருந்ததுதான் உண்மையானது என்று வாதித்து அதை மீட்க முனைபவர், எழுதியவரின் கடைசித் தீர்மானத்தை அழித்தவராவார். மியூசியத்தில் இன்றும் நிற்பது அந்த இரண்டாவது வாசகமே.