மலைநாட்டுக்கு ஏறிய இருப்புப் பாதை

கண்டிச் சீமையிலே கோப்பி செழித்திருந்த காலத்தில், தோட்டத்துக் கோப்பி கொழும்புத் துறைமுகத்தை அடைவதற்கு மாட்டு வண்டியே கதியாயிருந்தது. மழை பெய்தால் தெரு சேறாகும். மாடுகளுக்கு நோய் கண்டால் வண்டிகள் நின்றுவிடும். ஆகவே, புகையிரதம் வேண்டுமென்று முதன்முதலிற் குரலெழுப்பியவர்கள் தோட்டத் துரைமாரே. அவர்களின் வேண்டுகோளுக்கு இசைய 1845ஆம் ஆண்டில் இலண்டனிலே இலங்கைப் புகையிரதக் கம்பனி தோன்றியது.

பேச்சு நீண்டது, வேலை தொடங்கவில்லை. 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேதான் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். கப்டன் மூர்சம் என்பார் இட்ட மதிப்பு ஏறக்குறைய எட்டரை இலட்சம் பவுண். பின்னர் கம்பனியின் எந்திரி டொயின் கணக்கிட்டபோது அது 20 இலட்சத்தையும் தாண்டிற்று! பெருந்திட்டங்களின் முதற்கணக்கு சிறுத்தே பிறக்கும் போலும். 1861இல் கம்பனியுடனான உடன்படிக்கை முறிந்தது; அரசாங்கமே பொறுப்பேற்றது. 1867இல் வண்டி கண்டியை அடைந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் 45 அடிக்கு ஓர் அடி வீதம் பாதை உயர்கின்றது.

இச்செலவை யார் இறுத்தார்கள்? கோப்பி ஏற்றுமதியின்மீது தீர்வை விதிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் திட்டத்துக்குப் பிணையாக நின்றது பொதுத் திறைசேரி. அத்திறைசேரிக்கு நெல்வரியும் உப்புத் தீர்வையும் செலுத்திய கிராமத்து உழவனிடம் அனுப்புவதற்குக் கோப்பி மூட்டை ஏது?

தோட்டங்களுக்கு ஆள் சேர்ந்த விதமோ வேறு. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், கங்காணியின் பின்னே வரண்ட காட்டினூடாக மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே மடிந்தவர் பலர். கோப்பி வண்டியேறி இறங்கிய பல ஆண்டுகளிலும், அதைப் பறித்தவர்கள் கால்நடையாகவே ஏறினார்கள். தலைமன்னாருக்குப் பாதை வந்தது 1914இலேயே. யாழ்ப்பாணத்து மக்களும் கண்டிக்குப் பின் ஏறக்குறைய 38 ஆண்டுகள் காத்திருந்து 1905இல் அதைப் பெற்றார்கள்.

காட்டின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனைநிலத்தையும் அரசுக்குரியதாகக் கொண்டது. அவை துரைமார் கைக்கு மாறி, மரங்கள் வெட்டி எரிக்கப்பட்டன. மலைச்சரிவின் மண் மழையோடு கரைந்து ஆறுகளிலும், கீழேயிருந்த வயல்களிலும் படிந்தது. 1873இல் தாவரவியல் அறிஞர் யோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைக் காக்கவேண்டுமென்று எடுத்துரைத்தார். ஹோட்டன் சமவெளியின் காடு இன்று எஞ்சியிருப்பதில் அந்த அறிவுரைக்கும் பங்குண்டு.

இதற்கிடையில் 1869இல் கோப்பி இலையிலே துரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் அப்பயிரே ஓய்ந்தது. எந்தச் சரக்குக்காகப் பாதை இடப்பட்டதோ அது போய்விட, தேயிலை வந்து வண்டிகளை நிரப்பிற்று. பாதையும் 1885இல் நானுஓயாவையும், 6,000 அடிக்கு மேலுள்ள பட்டிப்பொலையைக் கடந்து 1924இல் பதுளையையும் எட்டியது. காடு நீங்கிய அச்சரிவுகளில், அடைமழை காலத்திலே மண் சரிந்து தண்டவாளம் மூடுண்டு, வண்டிகள் இடைவழியில் நிற்பது இன்றும் வழக்கம்.