இல்லந்தோறும் கேட்டறிவோம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் தலைநகரிலுள்ள இராஜேந்திர நகரும் லஜபத் நகரும் 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடிழந்து வந்தோர்க்கென எழுந்தவை. ஆதலின், கலவரமும் போரும் குடும்பங்களை எவ்வாறு வேரோடு பெயர்க்கும் என்பதை டில்லிவாழ் மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. அவ்வாறு பெயர்க்கப்பட்ட குடும்பத்தின் தேவையை அறிவது எங்ஙனம் என்பதே என் உரையின் பொருள்.

2009ஆம் ஆண்டு மே மாதம் இலங்கைப் போர் முடிவுற்றபோது, வன்னியினின்றும் வெளியேறிய ஏறத்தாழ 2,80,000 தமிழர் முகாம்களில் வைக்கப்பட்டனர். அவற்றுள் பெரியது செட்டிகுளத்து மெனிக் பாம். முகாமில் தலைக்கணக்கு பயன்படும். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் வேண்டுமென உலகத் தொண்டு நிறுவனங்கள் அளவு வகுத்துள்ளன. அது நன்றே. ஆயின் மக்கள் ஊர் திரும்பி, 2012 செப்டம்பரில் அம்முகாம் மூடப்பட்டபின், அக்கணக்கு போதுமா? ஒரு வீட்டில் கூரை இல்லை. மற்றொன்றில் கூரை உண்டு, உழைக்கும் கை இல்லை.

நம் பாரத அரசு வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளுக்கு உதவிற்று. பெரும்பாலோர்க்கு இலங்கை நாணயத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் தவணையாக அளிக்கப்பட்டது, வீட்டுக்குரியோரே கட்டிக்கொண்டனர். சிறந்த ஏற்பாடு! எனினும், வளர்ந்த மைந்தர் இருவர் உள்ள இல்லத்தில் அத்தொகை சுவராகும். தனித்து நிற்கும் தாய்க்கோ அதிற் பெரும்பங்கு கூலியாகக் கரையும்.

இன்னொன்று கேளுங்கள். கணவர் காணாமற்போன பெண், படிவத்தில் தன்னை யாரென எழுதுவாள்? கைம்பெண் என எழுத மரணச் சான்று வேண்டும். அதைக் கோரினாலோ, அவர் இறந்தார் என்று அவள் வாயாலேயே ஒப்பியதாகும். உயிரோடிருக்கிறாரா என்பதைக் காண வழியில்லை என்று மட்டும் சான்றளிக்கும் சட்டம் 2016ஆம் ஆண்டிலேதான் அங்கு இயற்றப்பட்டது. போர் ஓய்ந்து ஏழாண்டுகள் கழிந்தபின்! நாள்தோறும் படிவங்களோடு பழகும் குமாஸ்தா என்ற முறையில் சொல்லுகிறேன்: படிவத்தில் இடமில்லாத துயரத்தை அலுவலகம் காண்பதில்லை.

அன்பர்களே! நம் சங்கம் எந்த இடருக்கு நிதி திரட்டினும், துணிமூட்டைகளைக் கட்டுமுன் இல்லந்தோறும் கேட்டறிய இருவரை அனுப்புவோம். வீட்டில் உள்ளோர் யார், இல்லாதவர் யார், உழைப்பவர் யார், முதலில் வேண்டுவது யாது? இந்நான்கையும் அமர்ந்து, பொறுமையுடன் கேட்பதே உதவியின் முதற்படி. கேளாது கொடுத்தால் நம் மனம் நிறையலாம். அவர்தம் அடுப்பு எரியாது.