கடைசி நேர டிக்கெட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களில் ஒடிசா, பீகார், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஊருக்குப் போக அவர்களுக்கு ரயில்தான் வழக்கம். வெயிட்டிங் லிஸ்ட் நகராவிட்டாலும், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று போன் வந்தாலும் விமானம் தேட வேண்டியிருக்கிறது. பிரவுசிங் சென்டரில் காலையில் பார்த்த விலை சாயங்காலம் இருப்பதில்லை. கடைக்காரர்மேல் சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் அவர்மேல் தப்பில்லை.

ஒரு விமானத்தில் 180 இருக்கை இருந்தால் அத்தனைக்கும் ஒரே விலை கிடையாது. நிறுவனம் அவற்றைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தை அடையாளமாக வைக்கிறது. மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். புறப்படும் நாள் நெருங்கினால், இருக்கை மிச்சமிருந்தாலும் மலிவு அடுக்கை மூடிவிடுவார்கள். எதை எப்போது மூடுவது என்பதைப் பழைய விற்பனைக் கணக்கை வைத்துக் கணினி சொல்கிறது.

மூன்று பேர் கவுகாத்திக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். மலிவு அடுக்கில் 2 இருக்கைதான் மிச்சம், தலைக்கு 6,000 ரூபாய். அடுத்த அடுக்கு 7,500. மூவருக்கும் சேர்த்துத் தேடினால், மூன்று இருக்கையும் ஒன்றாகக் கிடைக்கும் அடுக்கைத்தான் கணினி பொதுவாகக் காட்டும். மொத்தம் 22,500 ஆகிவிடும். இருவருக்குத் தனியாக, ஒருவருக்குத் தனியாக எடுத்தால் 19,500-லேயே முடியும். பி.என்.ஆர். எண் மட்டும் இரண்டாக இருக்கும். முதலில் ஒரு ஆளுக்கு மட்டும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த விலை அடுக்கு அமெரிக்காவில் வளர்ந்த முறை. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து உருவாக்கிய 'சேபர்' என்ற முன்பதிவுக் கணினி 1960-களில் வந்தது. 1977-ல் அதே விமான நிறுவனம், முன்கூட்டியே வாங்குவோருக்கு 'சூப்பர் சேவர்' என்ற குறைந்த கட்டணத்தைக் கொண்டுவந்தது. சுற்றுலா போகிறவர் தேதியை முன்னமே முடிவு செய்வார். கடைசி நேரத்தில் வாங்குபவர் கம்பெனி செலவில் பறக்கும் அதிகாரி, அவர் விலை பார்க்கமாட்டார். கணக்கு இதுதான்.

இங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. ஃபர்னஸ் முன்னால் நின்று வேலை பார்க்கிறவருக்கு லீவு உண்டா இல்லையா என்பதே முந்தின நாள் ராத்திரிதான் தெரிகிறது. கணினிக்கு அவரும் அந்த அதிகாரியும் ஒன்றுதான். கையில் காசு குறைந்தவர் மேல் அடுக்கு விலையைக் கொடுக்கிறார். இது அநியாயம்.

இந்தியாவில் விமானக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம். நெருக்கடியில் மட்டும் அரசு தலையிடுகிறது. கொரோனாவை ஒட்டி 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை வரம்பு இருந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு வரி நீங்கலாக 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு வாங்கிய டிக்கெட்டை ரத்து செய்தாலும், வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. அமைப்பின் விதி. விடாமல் கேட்டு வாங்குங்கள்.

ஆலை நிர்வாகத்தாரும் கான்ட்ராக்டர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். துர்கா பூஜை, சத் பூஜை, பிஹு எல்லாமே முன்கூட்டியே தேதி தெரிந்த பண்டிகைகள். யாருக்கு எப்போது லீவு என்ற பட்டியலை ஒரு மாதம் முன்னாலேயே கேட்டில் ஒட்டிவிடுங்கள்.