மோதிரம் ஆற்றடியில் கிடந்த காலம்



நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை வளர்க்கிற விளையாட்டு ஒன்று உண்டு. ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இதில் கிடையாது. ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். “கோட்டைக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளேயிருந்து புகை வாசனை வருகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். நினைத்தது கைகூடுமா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து இந்த வகை பரவியது. ஒரே கதை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீண்டால் அதற்குக் கேம்பெய்ன் என்று பெயர்.

இதில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமான ஒரு வகையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பலரும் படித்து அறிந்த ஒரு கற்பனை உலகை எடுத்துக்கொண்டு, அதன் பழங்காலத்துக்குள் போய் ஆடுவது.

டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எடுத்துக்கொள்வோம். அந்தக் கதையின் பெரும்பகுதி அவ்வுலகத்தின் மூன்றாம் யுகத்தில், 3018, 3019 ஆகிய ஆண்டுகளில் நடக்கிறது. 1984-இல் அயர்ன் கிரவுன் என்ற அமெரிக்க நிறுவனம் அந்த உலகில் ஆடுவதற்கென்றே ‘மிடில்-எர்த் ரோல் பிளேயிங்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. நாவல் நடக்கும் ஆண்டிலேயே களத்தை அமைத்திருந்தால் விற்பனைக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர்களோ தங்கள் நூல்களில் பெரும்பாலானவற்றை அதே யுகத்தின் 1640-ஆம் ஆண்டை ஒட்டி அமைத்தார்கள். நாவலின் நாயகன் ஃப்ரோடோ பிறக்க இன்னும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது!

இதைவிட நல்ல ஆண்டு வாய்த்திருக்காது என்பது என் எண்ணம். நாவலின் காலத்தில் ஆடினால் பெரிய காரியங்கள் எல்லாம் ஏற்கெனவே ஒருவர் பொறுப்பில் இருக்கின்றன. கதையின் மையமான மந்திர மோதிரத்தை ஃப்ரோடோ சுமக்கிறான், சிம்மாசனம் அரச வாரிசான அராகோர்னுக்கு. நம் மேசையில் இருப்பவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

1640-இல் நிலைமையே வேறு. அந்த மோதிரம் பெரிய ஆற்றின் படுகையில் கிடக்கிறது. ஒருவன் கையில் அது அகப்பட இன்னும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். குதிரை வீரர்களின் ரோஹான் நாடு பிறக்கவே இல்லை. நாவலில் இருண்டு கிடக்கும் மோரியாச் சுரங்கத்தில் குள்ளர்கள் குடியும் குடித்தனமுமாக வாழ்கிறார்கள். ஃப்ரோடோவின் இனத்தவரான ஹாபிட்டுகள் ஷையரில் குடியேறி நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. வடக்கே அங்க்மாரில் சூனிய மன்னன் உட்கார்ந்திருக்கிறான். தெற்கே கோண்டோர் நாட்டில் 1636-இல் வந்த கொள்ளைநோய் அரசன் டெலெம்னாரையும் அவன் பிள்ளைகள் அத்தனை பேரையும் கொண்டுபோய்விட்டது. அரண்மனை முற்றத்து வெள்ளை மரமும் பட்டுப்போயிற்று.

நாவலின் பின்னிணைப்பில் டோல்கீன் ஒரு கால வரிசை கொடுத்திருக்கிறார். 1640-க்கு நேரே அவர் குறித்திருப்பவை சில செய்திகளே. புதிய அரசன் டாரண்டோர் அரசகுடும்பத்தை ஒஸ்கிலியாத் நகரிலிருந்து மினாஸ் அனோருக்கு மாற்றி, வெள்ளை மரத்தின் கன்று ஒன்றை நட்டான். ஒஸ்கிலியாத் பாழடையத் தொடங்கியது. நாவலில் எதிரியின் நாடாக வரும் மோர்டோர் காவலின்றி விடப்பட்டது. அந்த வரிசையில் அடுத்த குறிப்பு 1810-இல்தான் வருகிறது. நடுவே நூற்றெழுபது ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன!

கேம் மாஸ்டர் குடியேற வேண்டிய இடம் அதுதான். நூல் பேசாமல் விட்ட இடத்தில் நம் பாத்திரங்கள் பேசலாம். ‘மோர்டோர் காவலின்றி விடப்பட்டது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு காவலைக் கைவிடுவதென்றால் யாரோ ஒருவன் ஆணை எழுத வேண்டும், யாரோ மூட்டை கட்ட வேண்டும், யாரோ கடைசியாக விளக்கை அணைக்க வேண்டும்.

அந்தக் கடைசி ஆட்களாகவே என் நண்பர்களை ஆடவைத்தேன். மலைக்கணவாயில் நிற்கும் சிரித் உங்கோல் கோபுரம்தான் களம். நாவலைப் படித்தவர்களுக்கு அது ஃப்ரோடோவை எதிரிப் படையின் ஓர்க்குகள் அடைத்துவைத்த கொடிய இடம். ஆனால் அதைக் கட்டியவர்கள் கோண்டோர் மக்கள். மோர்டோரைக் கண்காணிக்கத்தான் கட்டினார்கள். நோய் தின்றதுபோக மிஞ்சிய வீரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ‘எல்லோரும் கீழே இறங்கி வாருங்கள்’ என்று ஓலை வருகிறது. தளபதியாக ஆடிய நண்பர் நாவலைக் கரைத்துக் குடித்தவர். பிற்காலத்தில் அந்தக் கோபுரத்தில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும், அவருடைய பாத்திரத்துக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “கதவை உள்ளே தாழ்போட்டுட்டு, கடைசி ஆள் ஜன்னல் வழியா கயிறுல இறங்க முடியுமா?”

மிடில்-எர்த் ரோல் பிளேயிங்கில் பத்து முகமுள்ள இரண்டு பகடைகளை உருட்டி, ஒன்றைப் பத்தாகவும் மற்றதை ஒன்றாகவும் வைத்து, நூறு வரை கணக்கிடுவார்கள். கயிற்றில் இறங்க ஒரு தடவை உருட்டினார், ஆள் பத்திரமாகத் தரையைத் தொட்டான். அந்தத் தாழ் எந்த ஓர்க்கையும் என்றென்றைக்கும் தடுக்கப்போவதில்லை என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதைச் செய்யாமல் கிளம்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வரலாற்றையே மாற்ற அனுமதிக்கலாமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. தாராளமாக அனுமதிக்கலாம், ஆனால் முதல் நாளே எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். ஆட்டம் சூடுபிடித்த பிறகு, ‘நூலில் அப்படி இல்லை’ என்று சொல்லி ஒருவரின் பகடையைச் செல்லாததாக்குவதைப் போன்ற அநியாயம் வேறில்லை. அந்த நெருக்கடியே வராதபடி, பதில் எழுதப்படாத கேள்விகளைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஒஸ்கிலியாத் பாழாகும் என்று நூல் சொல்லிவிட்டது. அந்த நகரத்து வைத்தியச்சி பிழைப்பாளா, நூலகத்துச் சுவடிகள் எத்தனை வண்டி ஏறும் என்பதைப் பகடையும் ஆடுவோரும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும்.

பழங்காலம் என்றாலே பிரம்மாண்டம் என்று நினைப்பவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகில், பறக்கும் நகரங்களைக் கொண்ட நெத்தரில் பேரரசுக்கென்றே 1996-இல் தனிப் பெட்டி ஒன்று வெளிவந்தது. பிற்காலத்தில் மந்திரங்கள் ஒன்பதாம் படியோடு நின்றுவிடும். நெத்தரிலிலோ அதற்கு மேலேயும் உண்டு. கார்சஸ் என்ற மந்திரவாதி பன்னிரண்டாம் படி மந்திரத்தை ஓதி, மந்திர தேவதையின் சக்தியைத் தனக்குள் இழுக்கப் பார்க்க, நகரங்கள் வானத்திலிருந்து விழுகின்றன. கேட்கவே சிலிர்க்கிறது. ஆனால் நடத்துவது கடினம். ஆடுவோருக்கு அவ்வளவு பலம் கிடைத்துவிட்டால் சின்னக் கஷ்டங்களுக்கு மதிப்பே இருக்காது. கயிற்றில் இறங்க வேண்டியவன் பறந்துவிடுவான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பலம் குறைந்த காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

எங்கள் அடுத்த கேம்பெய்னுக்கு டோல்கீன் உலகின் 1979-ஐக் குறித்துவைத்திருக்கிறேன். களம் மோரியா. ஆடுவோர் எல்லோரும் மித்ரில் உலோகம் தோண்டும் சுரங்கக் குள்ளர்கள். 1980-இல் அடியாழத்தில் பால்ரோக் என்ற நெருப்புப் பூதம் விழித்து அரசன் டூரினைக் கொல்லும், மறு ஆண்டே குள்ளர்கள் ஊரைவிட்டு ஓடுவார்கள். மேசையில் உட்காரும் அத்தனை பேருக்கும் இது தெரியும். முதல் நாள் ஒரே கேள்வியோடு ஆரம்பிக்கப்போகிறேன்: “கீழே போகப் போக மித்ரில் அதிகமாகிறது, கூலியும் கூடுகிறது. இந்த வாரம் எவ்வளவு ஆழம் தோண்டப் போகிறீர்கள்?”